கறுப்பில் விழுந்த சட்டை: கருந்துளை பற்றிப் பேசத் திருப்பூருக்கு

கார்த்திகை மாதத்தில் யாரும் பனியன் ஊருக்குச் சுற்றுலா போவதில்லை. நான் போனது ஒரு வகுப்பு எடுக்க. திருப்பூரை ஒட்டிய வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்துகிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரையாவது அழைத்துப் பேசவைப்பார்கள். இந்த முறை கருந்துளை. அதிலும் அதைச் சுற்றியிருக்கிற எல்லையைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியைக்கு இதைவிட நல்ல அழைப்பு வராது. இப்படி வெளியூர்களுக்குப் போய் அறிவியல் பேசுகிறவர்கள் இந்த வலைப்பூவைப் படிப்பதால், போன வழியையும் நடந்ததையும் எழுதிவைக்கிறேன்.

அழைத்தவர் சிவகாமி. திண்டுக்கல்லில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தோம். நான் இயற்பியல், அவர் கணக்கு. ஓய்வுக்குப் பிறகு அவர் சொந்த ஊரான வேலம்பாளையத்துக்கே போய்விட்டார். கணவர் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள் தாரணி, ஆடை வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தவள், இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் விழுந்து ஒரு வாரத்தில் போய்விட்டாள். அந்தக் காரியத்துக்குப் போனதோடு சரி, நான் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

திண்டுக்கல்லில் சனிக்கிழமை காலை 6.30க்கு ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகக் கோவை போகும் பேருந்தில் ஏறினேன். பல்லடம் வரை சுமார் 115 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், கட்டணம் 105 ரூபாய். பழனி வழியாகப் போகும் கோவை வண்டியில் ஏறிவிடாதீர்கள், அது பல்லடம் வராது. தாராபுரம் தாண்டிக் குண்டடம் வந்ததும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். அன்று காற்றில்லை. எல்லாம் கை விரித்தபடி நின்றிருந்தன. பல்லடத்தில் இறங்கித் திருப்பூருக்கு டவுன் பஸ், 16 கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அங்கிருந்து வேலம்பாளையத்துக்கு ஆட்டோ, 150 ரூபாய்.

ஆட்டோக்காரர் எதற்கு வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"கருந்துளைங்களா? அதுக்கு எதுக்குங்க வகுப்பு? எங்க நாலாவது வீதிக்கு வாங்க, காட்டறேன். குழாய்க்குத் தோண்டிப் போட்டாங்க. போன வாரம் ஒரு சைக்கிளையே முழுங்கிருச்சு."

"சைக்கிள் திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சுங்க. ஹேண்டில்பார்தான் வரலை."

"அப்ப அது கருந்துளை இல்லைங்க. வெறும் பள்ளம்" என்றேன். இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. "வாங்க்கா, பஸ்ஸுல எடங் கெடைச்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிவகாமி நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய தம்பி பழனிசாமி ஒரு சாயப்பட்டறையில் மேற்பார்வையாளர். குடியிருப்பது இரண்டு வீடு தள்ளி. மனைவி தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தாய்வீடு போயிருந்ததால், துணிகளை அக்கா வீட்டு வாஷிங் மெஷினில்தான் போடுவார். மடித்த அடுக்கு அக்காவின் அலமாரியிலேயே கீழ்த்தட்டில் இருக்கும். இந்த வருடம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அவருடைய பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மாலை போட்ட தொழிலாளிகள் கறுப்புத் துணி கடையில் வாங்க மாட்டார்கள். அவரவர் பழைய டீசர்ட்டுகளைக் கொண்டுவந்து, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, மாதிரிக்குச் சாயம் போடுகிற சின்ன மெஷினில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கறுப்பு ஏற்றிக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பழனிசாமி அக்கா வீட்டுக்கு வந்து தன் அடுக்கை அப்படியே பையில் போட்டிருக்கிறார். கட்டிலில் ஒரு மெரூன் டீசர்ட் கிடந்தது. தன்னிடம் அதே மெரூன் இருப்பதால், அக்கா மடிக்காமல் விட்டிருக்கிறார் என்று அதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். அவருடைய மெரூன், அடுக்குக்கு நடுவில் ஏற்கெனவே இருந்தது. கட்டிலில் கிடந்தது தாரணியுடையது. காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய துணி விற்கும் கடையில் தாய்மாமனும் மருமகளும் ஒரே நாளில் ஒரே மாதிரி வாங்கிய ஜோடி அது. தாரணி ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கடைசியாக வீட்டில் போட்டிருந்தது. சிவகாமி அதைத் துவைக்காமல் வைத்திருந்தார். அன்று மாலைக்குள் அதுவும் மற்றவற்றோடு கறுப்பாகிவிட்டது.

"காலையில எடுத்து மடியில வெச்சிருந்தனுங்க. கேஸ்காரர் வந்தாருன்னு கட்டல்ல வெச்சுட்டு வாசலுக்குப் போனேன். அதுக்குள்ள..." என்றார். பிறகு, "அவன் வேணும்னு பண்ணலீங்க்கா. அது எனக்குந் தெரியுது. மொகத்தப் பாத்தா வாய் வர மாட்டேங்குது."

புதன்கிழமை பழனிசாமிக்கு இருமுடி கட்டு. வீட்டார் ஆளுக்கொரு பிடியாக அரிசி அள்ளிப் போட்டுத்தான் முடியைக் கட்ட வேண்டும். அப்பா அம்மா இல்லாத அவருக்கு அக்காதான் முதல் பிடி. அக்கா வராவிட்டால் மாலையைக் கழற்றிவிடுவேன், மலைக்குப் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

சாயங்காலம் வாசலில் பழனிசாமியைப் பார்த்தேன். தாடியும் மாலையுமாக, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"அக்கா சாப்புட்டுச்சுங்களா டீச்சர்?"

"நீங்களே கேக்கலாமே சாமி."

"கேட்டனுங்க. உள்ள டிவி சத்தம் ஜாஸ்தியாயிருச்சு."

மறுநாள் காலை பத்து மணிக்குப் படிப்பகம். மாடியில் தகரக் கூரை போட்ட கூடம், ஐம்பது அறுபது பேர். தையல், செக்கிங், அயர்ன் என்று எல்லாப் பிரிவு ஆட்களும் இருந்தார்கள். பின்வரிசையில் மாலை போட்டவர்கள். பழனிசாமியும் அவர்களோடு. நான் காதர்பேட்டையில் ஒரு கிலோ லைக்ரா துணி வாங்கி வந்திருந்தேன், 380 ரூபாய். (அங்கே துணியைக் கிலோ கணக்கில்தான் கொடுப்பார்கள். மீட்டர் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.) கருந்துளை என்றால் இழுத்துக் கட்டிய துணியில் குண்டைப் போட்டுக் குழி காட்டுவது எல்லோரும் செய்வது. அதில் குழி தெரியும், எல்லை தெரியாது. எனக்கு எல்லைதான் வேண்டும்.

துணியின் ஒரு முனையை அசையாமல் பிடிக்கச் சிவகாமியிடம் முன்பே சொல்லியிருந்தேன். மறுமுனையை ஒரு குச்சியில் சீராகச் சுற்ற யாராவது வேண்டும் என்றதும் கூடத்தில் எல்லோரும் பழனிசாமியைத் தள்ளிவிட்டார்கள். "சாமி பட்டறையில தினமும் சுத்தறதுதானுங்க, விடுங்க!" அப்படித்தான் அக்காவும் தம்பியும் எதிரெதிராக, நடுவில் இரண்டு மீட்டர் துணியோடு நிற்கும்படி ஆனது. இருவருமே துணியைத்தான் பார்த்தார்கள்.

குச்சியில் சுற்றச் சுற்றத் துணி இழுபடும். சிவகாமியின் கை அருகே துணி நகரவே நகராது. நடுவில் மெதுவாக, குச்சிக்குப் பக்கத்தில் வேகமாக நகரும். பக்கத்து வீட்டில் வாங்கிய சாவி கொடுக்கும் பொம்மைக் கார் ஒன்று கையில் இருந்தது. அது எங்கே வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். காரைச் சிவகாமியை நோக்கித் திருப்பி அவர் பக்கமே வைத்தேன். ஓடிப்போய் அவர் கையைத் தொட்டது. குச்சியருகே வைத்தேன். முன்னோக்கித்தான் ஓடுகிறது, ஆனால் பின்னோக்கிப் போய்ச் சுருளில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது முறை நடுவில் ஓர் இடத்தில் வைத்தபோது, சக்கரம் சுழல்கிறது, கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கூடம் கைதட்டியது.

"அந்த இடம்தான் நிகழ்வெல்லை," என்றேன். "கார்தான் வெளிச்சம். துணிதான் விண்வெளி. இந்த உலகத்தில் வெளிச்சத்தைவிட வேகமாக ஓடுவது எதுவும் கிடையாது. அதுவே ஓடிஓடி நின்ற இடத்தில் நிற்கிறது என்றால், அதற்கு உள்ளே இருந்து ஒன்றும் வெளியே வராது. ஆனால் துணியைத் தொட்டுப் பாருங்கள், அங்கே கோடு இருக்கிறதா? சுவர் இருக்கிறதா?"

இல்லை. கருந்துளையின் எல்லையும் அப்படித்தான். பெரிய கருந்துளை என்றால், அதில் விழுகிறவருக்குத் தாண்டிய நிமிடம் தெரியாது. கை கால் வலிக்காது, கடிகாரம் வழக்கம்போல ஓடும். தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கோ வேறு கதை. உள்ளே விழுகிறவர் நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச் அடிக்கிறார் என்று வையுங்கள். அந்த வெளிச்சம் எதிரோட்டத்தில் ஏறி வர வேண்டும். வரவரத் தாமதம். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சிவப்பாகி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் மங்கும். அவர் எல்லையைத் தாண்டியதை வெளியில் இருப்பவர் ஒருபோதும் பார்க்கப்போவதில்லை. எல்லையோரம் அவர் நின்றுவிட்ட மாதிரி ஒரு தோற்றம், மங்கிக்கொண்டே இருக்கும்.

அளவுக்கு ஓர் உதாரணம் சொன்னேன். நம் பூமி முழுவதையும் நசுக்கிக் கருந்துளையாக்கினால் எல்லையின் அகலம் ஒரு கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். "அது எத்தனை ஓட்டைப் பொத்தானுங்க டீச்சர்?" என்று தையல் பிரிவிலிருந்து ஒரு பெண் கேட்டார். அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

கடைசியில் கேள்வி நேரம். யாரும் எதிர்பார்க்காமல் சிவகாமியே எழுந்தார்.

"உள்ள என்ன போச்சுன்னு வெளிய இருந்து சொல்ல வழியே இல்லீங்களா?"

கணக்கு டீச்சருக்குப் பதில் தெரியும். இது வேறு கேள்வி. மெதுவாகச் சொன்னேன்: கருந்துளையை வெளியிலிருந்து அளந்தால் மூன்றுதான் கிடைக்கும். நிறை, மின்னூட்டம், சுழற்சி. விழுந்தது இரும்பா, பஞ்சா, என்ன நிறம், எதுவும் சொல்ல முடியாது. மூன்றும் ஒன்றாக இருக்கிற இரண்டு கருந்துளைகளுக்கு நடுவே வித்தியாசமே கிடையாது. ஆனால் இயற்கையில் ஒரு விவரம் அடியோடு அழிந்துபோகக் கூடாது என்றும் இயற்பியல் சொல்கிறது. இந்த இரண்டு கூற்றும் மோதுகின்றன. உள்ளே போனதன் அடையாளம் ஏதோ ஒரு விதத்தில் அந்த எல்லையிலேயே தங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நிரூபித்தவர் யாரும் இல்லை. அதைப் படிக்கவும் யாருக்கும் தெரியாது.

சிவகாமி உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் போய் நின்றபோது என்னிடம் மட்டும் சொன்னார்: "நான் கையப் புடிச்சுட்டுத்தானுங்க்கா உக்காந்திருந்தேன். அவ எந்த நிமிசத்துல தாண்டுனாள்னு எனக்குத் தெரியலீங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்து துணியைச் சுருட்டும்போதுதான் கவனித்தேன். பழனிசாமி போட்டிருந்தது வெள்ளிக்கிழமை ஏற்றிய கறுப்பு. அவர் கையைத் தூக்கியபோது கைமடிப்பில் தையல் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

"சாமி, இதென்ன பச்சை நூல்?"

"இது பச்சை டீசர்ட்டுங்க டீச்சர், போன வருசத்துது. சாயம் காட்டனுக்குத்தான் புடிக்கும். தைக்கற நூலு பாலியஸ்டர். அதுல ஏறாது, அப்படியே நின்னு..."

பாதியில் நிறுத்திவிட்டார். வேலையில் தினம் பார்த்துப் பழகியதை அவர் இப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். என்னைத் தாண்டி அக்காவைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் பட்டறையிலதானுங்க இருக்குது," என்றார். "நாளைக்குத்தான் ஆளாளுக்கு எடுப்பாங்க."

சிவகாமி செருப்பை மாட்டிக்கொண்டார்.

பட்டறை அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். முதலாளியிடம் போனில் கேட்டுக்கொண்டு பழனிசாமி கதவைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமையானதால் மெஷின்கள் ஓடவில்லை. ஆனாலும் சோடாக் காரத்தின் நெடி மூக்கில் ஏறியது. தரை ஈரம். ஒரு மேசைமேல் துணிக்குவியல் கிடந்தது, முப்பது நாற்பது இருக்கும். எல்லாம் வட்டக் கழுத்து, அரைக் கை, கழுத்தில் லேபிள் வெட்டியது, அச்சடித்த மாதிரி ஒரே கறுப்பு.

மூன்று பேரும் ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்ப ஆரம்பித்தோம். வெளியே கறுப்பாக இருந்த துணி உள்தையலில் தன் பழைய நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. நீல நூல், ஆரஞ்சு, வெள்ளை, கிளிப்பச்சை. யார் யாரோ போன வருடம் போட்டுத் திரிந்த நிறங்கள். உள்ளே போனதன் அடையாளம் என்று காலையில் படிப்பகத்தில் நான் விளக்கப் படாதபாடு பட்டது அந்த மேசைமேல் கிடந்தது.

மெரூன் நூல் வந்தது. சிவகாமி அதை மேசையில் தனியாக வைத்தார். குவியல் தீரும் சமயத்தில் இன்னொரு மெரூன் வந்தது. வேறு மெரூன் இல்லை. ஒன்று மாமனுடையது, ஒன்று மருமகளுடையது. இரண்டும் ஒரே அளவு. தாரணிக்குத் தொளதொளவென்று போடப் பிடிக்கும். பழனிசாமியோ ஒல்லி ஆள்.

சிவகாமி முதலாவதை முகத்தருகே கொண்டுபோனார். பிறகு இரண்டாவதை. கொதிநீரில் சோடாவோடு சுழன்று வந்த துணி, இரண்டிலும் பட்டறை வாசம்தான். தாரணியின் வாசத்தை எந்த நூலாலும் பிடித்துவைத்திருக்க முடியாது.

நான் டீச்சர் புத்தியில் ஒரு சட்டையின் தோள்பட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். தேய்மானம் ஏதாவது, கழுத்து நெகிழ்ச்சி ஏதாவது... பழனிசாமியும் குனிந்து, "என்னுது கக்கத்துல கொஞ்சம் விட்டிருந்துச்சுங்க, தச்ச ஞாபகம்..." என்று தேட ஆரம்பித்தார்.

"போதுமுங்க," என்றார் சிவகாமி. "தேட வேண்டாம்."

இரண்டு சட்டைகளையும் மேசையில் அருகருகே பரப்பிக் கையால் நீவினார். ரொம்ப நேரம் நீவினார். பிறகு ஒன்றை எடுத்து மடித்துத் தம்பியிடம் நீட்டினார். மூன்று நாளில் முதல் பேச்சு அதுதான்.

"இதப் போட்டுட்டு மலைக்குப் போயிட்டு வாங்க சாமி. இன்னொண்ணு ஊட்டுல இருக்கட்டும்."

"அக்கா, இது அவளுதா இருந்துச்சுன்னா?"

"அவளுதா இருந்தா மாமங்கூட மலையேறிட்டு வரட்டும். இல்லைன்னா அவ என்ற கூட ஊட்டுல இருக்கறா."

பழனிசாமி சட்டையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, காரம் கண்ணில் பட்டுவிட்டது என்று தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, அதே வழியில் மதியச் சாப்பாட்டுக்குத் திண்டுக்கல் வந்துவிட்டேன்.

இதே வகுப்பை எடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். துணி குறுக்கிலும் நெடுக்கிலும் இழுபடும் லைக்ராவாக இருக்க வேண்டும். சாதாரண பனியன் துணி சீராக இழுபடாது. குச்சியைச் சுற்றுகிறவர் நிதானமான ஆளாக இருந்தால் கார் நாலைந்து நொடி நின்ற இடத்தில் ஓடும், அது போதும். துணி ஓர் உவமைதான், விண்வெளி துணியாலானது அல்ல என்று சொல்ல மறக்காதீர்கள். சாயப்பட்டறை பார்க்க ஆசைப்பட்டால் முதலாளியிடம் அனுமதி கேட்டு, தெரிந்தவர் துணையோடு மட்டும் போங்கள். தரை வழுக்கும், மூடிய செருப்பு நல்லது. கார்த்திகை, மார்கழியில் பல்லடம் பேருந்துகளில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். இன்னொன்று. "உள்ளே போனது என்ன ஆகும்" என்று கூட்டத்தில் யாராவது கேட்டால், தெரிந்ததைத் தெரிந்த அளவு சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். ஆறுதலுக்காக ஒரு சொல்லைக் கூட்டிப் போட்டாலும் கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

புதன்கிழமை மாலை சிவகாமி போனில் அழைத்தார். பின்னால் சரண கோஷம் கேட்டது. முடி கட்டியாகிவிட்டது, வண்டி கிளம்பப்போகிறது என்றார்.

"மொதப் பிடி அரிசி போட்டனுங்க்கா. போட்டுட்டு நகர்ந்தா, இன்னொரு பிடி போடுங்கக்கான்னு நிக்கறான். யாருக்குடான்னேன். பேரச் சொல்லிப் போடுங்கன்னான்."

"போட்டீங்களா?"

"போட்டனுங்க. தாரணீன்னு சொல்லிப் போட்டேன். ரெண்டு வருசத்துல அந்தப் பேர நான் வாய் விட்டுச் சொன்னது இன்னைக்குத்தானுங்க்கா."